செட்டிங்ஸ் அக்காவும் ஏழாம் பக்கமும்

தோளில் தொங்கும் பையைக்கூட இறக்கி வைக்காமல், நின்றபடியே கணினியைத் திறந்து, மெஷின் எப்படி நடக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் செட்டிங்ஸ் ஃபைலின் இருநூற்றுப் பதினான்கு வரியையும் மேலிருந்து கீழாக உதடு அசைத்துப் படிப்பார். ஆள்காட்டி விரல் திரையில் வரிவரியாக இறங்கும். பல வருடம் விரல் பட்டுப் பட்டு, திரையின் இடது ஓரத்தில் எண்ணெய்ப் பளபளப்பாக ஒரு நீளக்கோடு நின்றுவிட்டது. பெருக்கித் துடைக்க வருகிறவர் அதன்மேல் துணியைப் போட்டால், "அங்க கை வைக்காதீங்க, அது என் ரோடு" என்பார். நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கிறது என்று கண்ட பிறகுதான் பை இறங்கும், நாற்காலி இழுபடும், பக்கத்து மேஜைக்காரருக்குக் காலை வணக்கம் கிடைக்கும். அதுவரை இயக்குநரே வந்து நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

அலுவலகத்தில் அவருக்குச் செட்டிங்ஸ் அக்கா என்று பெயர். வயது ஐம்பத்தேழு. ஒற்றை அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று அடைந்து கிடக்கும் குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கும் அலுவலகம் அது. முன்பு விண்ணப்பத்தைக் கையில் வாங்கினார்கள். இப்போது எல்லாம் இணையதளம். ஒருவர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே வந்ததும், மெஷின் அவர் பெயரில் ஒரு துண்டுச்சீட்டு போட்டுத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். வந்தவர் யார், எந்தப் பக்கத்தில் நிற்கிறார், இதுவரை என்னென்ன நிரப்பினார், எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். அதற்குப் பெயர் செஷன். ஆள் அசையாமல் இருந்தால் எத்தனை நிமிடம் கழித்துச் சீட்டைக் கிழித்துப் போடலாம் என்று சொல்லும் வரி, அக்கா தினமும் படிக்கும் ஃபைலில் இருக்கிறது. சீட்டைக் கிழித்தால் ஆள் வெளியே. நிரப்பியதெல்லாம் ஆற்றில் கரைத்த புளி.

புதிதாக வருகிறவர்களுக்கு அக்கா இதை ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்து விளக்குவார். "பாதிச் சாப்பாட்டுல தண்ணி எடுக்கப் போயிருக்கான். திரும்பி வர்றதுக்குள்ள தட்டைத் தூக்கிட்டா அது கடையா? அதுக்குன்னு சாப்பிட்டுப் போனவன் தட்டை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தா ஈ மொய்க்கும். எப்ப எடுக்கணும்னு தெரிஞ்சவன்தான் கடைக்காரன்." இதையே நாற்பது பக்கப் புத்தகமாக அச்சடித்து, மூன்று நாள் பயிற்சி என்று பேர் வைத்துச் சொல்லித்தருகிறவர்கள் ஊரில் உண்டு. அக்காவுக்கு அரை நிமிடம் போதும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பத்தொன்பது வயதில் தபால் பிரிவில் முத்திரை குத்த வந்தவர். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது தொட்டால் கெட்டுவிடும் என்று எல்லோரும் எட்டி நின்றார்கள். தூசு தட்டும் வேலை அக்காவிடம் வந்தது. அதை நிறுவ வந்த ஆள் மூன்று வாரம் இருந்தார். அவர் எந்தச் சாவியை அடித்தார், அடித்ததும் திரையில் என்ன வந்தது என்று அக்கா பின்னால் நின்று ஒரு நோட்டில் படம் போலவே வரைந்து வைத்தார். அந்த ஆள் கிளம்பிய அடுத்த திங்கட்கிழமை மெஷின் படுத்துவிட்டது. பொறியியல் படித்த இரண்டு பேர் வந்து தலையைச் சொறிந்தார்கள். அக்கா நோட்டைப் பிரித்து, பதினேழாம் பக்கத்தைப் பார்த்து, எழுப்பிவிட்டார். அன்று கிடைத்த நாற்காலி இது. எதிர்ச் சுவரில் மற்றவர்களின் பட்டங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அக்காவின் சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. மெஷின் நின்றால் எந்தச் சுவரைப் பார்த்து ஓடிவருகிறார்கள் என்பதை அந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பட்டம் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ளட்டும், நடந்ததைத்தான் சொல்கிறோம்.

அவருடைய வேலைமுறை தனி. பழைய வரியை அழிக்கவே மாட்டார். அதன் தலையில் # என்று ஒரு வேலிக்குறி போட்டுவிடுவார். வேலிக்குறி போட்ட வரியை மெஷின் படிக்காது, மனிதன் மட்டும் படிப்பான். அதற்குக் கீழே புது வரி. அதற்கும் கீழே, மறுபடி வேலிக்குறி போட்டு, ஏன் மாற்றினோம் என்று தமிழில் ஒரு குறிப்பு. "இதைக் குறைத்தால் கண் தெரியாதவர்கள் திட்டுவார்கள், திட்டினார்கள்." "மழைநாளில் லைன் அறுந்து அறுந்து வரும், இதைத் தொடாதே." "இது எதற்கென்று எனக்கும் தெரியாது. எடுத்தால் நின்றுவிடுகிறது." மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுந்து நிற்பார். கேட்டால், "உக்காந்துகிட்டே அமுக்கினா கை பதறாது. கை பதறணும். அறுபதாயிரம் பேர் மேல கை வைக்கிறோம்" என்பார்.

அந்த ஃபைலில் செஷனின் ஆயுளைச் சொல்லும் வரி இரண்டு இடத்தில், ஒரே பெயரில் இருக்கும். ஒன்று 'உள்ளே' என்ற தலைப்பின் கீழ், மற்றொன்று 'வெளியே' என்ற தலைப்பின் கீழ். உள்ளே என்றால் அலுவலக ஊழியர்கள். அவர்களுக்கு ஐந்து நிமிடம். ஊரார் விவரத்தைத் திரையில் மலர்த்திப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கத்தை அக்கா தினமும் கண்ணால் பார்க்கிறவர். வெளியே என்றால் வீட்டிலிருந்து விண்ணப்பம் போடும் ஜனங்கள். அவர்களுக்கு முப்பது நிமிடம். அவர்கள் டீ குடிக்க எழுந்திருப்பதில்லை. காகிதம் தேட எழுந்திருக்கிறார்கள்.

இந்த வருடம் ஒரு பாதுகாப்பு ஆலோசகர் வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை. எதைப் பார்த்தாலும் "க்ளீன் பண்ணிடலாம்" என்பார். அக்கா அவரை முதல் நாளே க்ளீன் தம்பி ஆக்கிவிட்டார். விண்ணப்பம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தளத்தைப் புது மெஷினுக்கு மாற்றினார்கள். கூடவே அக்காவின் ஃபைலையும் க்ளீன் தம்பி சுத்தம் செய்தார். வேலிக்குறி போட்ட வரியெல்லாம் குப்பை என்று தள்ளினார். தலைப்புகளை எடுத்தார். ஒரே பெயரில் இரண்டு வரி இருந்ததா, கைதவறி இரண்டு முறை எழுதிவிட்டார்கள் போல என்று ஒன்றை வெட்டினார். வெட்டுப்பட்டது முப்பது. நின்றது ஐந்து. இருநூற்றுப் பதினான்கு வரி அறுபத்தொன்று ஆயிற்று. பிறகு அவருடைய ஆட்கள் விண்ணப்பத்தை நிரப்பிச் சோதித்தார்கள். சோதித்த லட்சணம் எப்படித் தெரியுமா? முன்கூட்டியே எழுதி வைத்த பொய்க் குடும்பம் ஒன்றை எடுத்து ஒட்டினார்கள். ஏழாம் பக்கம் நாற்பது வினாடியில் முடிந்தது. அபாரம் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பம் திறந்தது, பன்னிரண்டே நாள் அவகாசம். அக்கா வழக்கம்போலக் காலையில் வந்து, நின்றபடியே தன் ஃபைலைப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

பத்தாம் நாள் மதியம் நாத்தனாரிடமிருந்து தொலைபேசி வந்தது. நாத்தனார் என்றால் கணவரின் ஒரே தங்கை. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். அண்ணியை வாரத்துக்கு ஒருமுறை குத்திக்காட்டாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. கணவன், இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார், அவள் என்று ஆறு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். இரவில் ஒருவர் புரண்டால் ஆறு பேரும் புரள வேண்டும்.

"அண்ணி, உங்க மெஷினுக்கு எங்க மூஞ்சி பிடிக்கலைன்னா நேரா சொல்லிடச் சொல்லுங்க. நாலு நாளா ஏழாம் பக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுது."

நீ எதையாவது தப்பாக அமுக்கியிருப்பாய் என்றார் அக்கா.

"ஆமா, தப்பெல்லாம் நாங்கதான். உங்க மெஷின் பத்தரை மாத்துத் தங்கம்."

தங்கத்தை உரசிப் பார்த்துவிடுவது என்று அக்கா முடிவு செய்தார். நாத்தனார் பெயரில் அவளையே உள்ளே நுழையச் சொல்லி, எண்களைத் தொலைபேசியில் படிக்கச் சொல்லி, தன் மேஜையிலும் ஒரு சோதனைக் கணக்கில் அதே பக்கத்தைத் திறந்து கூடவே தட்டினார். ஏழாம் பக்கம் குடும்ப விவரம். ஆளுக்கொரு பன்னிரண்டு இலக்க அடையாள எண், பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழ் எண், வேலை அல்லது பள்ளிச் சான்று எண். ஆறு பேருக்கும் வேண்டும். சான்றிதழ் இருக்கும் பெட்டி மாமனார் படுக்கும் கட்டிலுக்கு அடியில். மாமனாரை எழுப்பி உட்காரவைத்துப் பெட்டியை இழுப்பதற்கே இரண்டு நிமிடம். மெஷினுக்குத் தட்டுவது காதில் விழாது. 'அடுத்து' என்ற பொத்தானை அமுக்கினால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக அது நம்பும். நாலாவது ஆளின் பிறந்த தேதியில் இருவர் திரையும் ஒன்றாக வெளுத்தன. "உங்கள் நேரம் முடிந்தது" என்று வந்தது.

"பாத்தீங்களா? எமன் பேசுற பேச்சை உங்க மெஷின் பேசுது" என்றாள் நாத்தனார்.

அக்கா போனைக் கீழே வைத்தார். ஃபைலைத் திறந்து பார்த்தார். முப்பது என்றுதான் இருந்தது. கடிகாரத்தை வைத்து மெஷினை மறுபடி சோதித்தார். ஐந்தில் தள்ளியது. ஃபைல் பொய் சொல்கிறதா, மெஷின் பொய் சொல்கிறதா? ஒரு மணி நேரம் தேடிய பிறகு உண்மை அகப்பட்டது. புது மெஷின் அவருடைய ஃபைலைப் படிக்கவே இல்லை. வேறொரு மூலையில், வேறொரு பெயரில், அறுபத்தொரு வரியில் மொட்டையடித்த பிரதி ஒன்று இருந்தது. மெஷின் படிப்பது அதை. அக்காவின் ஃபைல் பிணம். பதினேழு நாளாக அவர் பையை இறக்காமல், விரல் வைத்து, உதடு அசைத்துப் படித்தது ஒரு பிணத்தை.

சேமிக்க ஒன்றுமே இல்லாமல் எழுந்து நின்றார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டதாகப் பக்கத்து மேஜைக்காரர் சொல்கிறார். பிறர் செய்த தப்புக்குக் கோபம் பாதி. முப்பத்தெட்டு வருட அனுபவம் மூக்குக்குக் கீழே நடந்ததைப் பார்க்கவில்லையே என்ற கோபம் மீதி.

வந்துபோனவர்களின் பதிவைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் வெளியே தள்ளப்பட்டு, முடிக்காமல் நின்றவர்கள் அதுவரை ஐந்நூற்றுச் சொச்சம் குடும்பம். பெரும்பாலும் ஆறு பேர், ஏழு பேர் உள்ள குடும்பங்கள். இரண்டு பேர் குடும்பம் ஐந்து நிமிடத்தில் தப்பித்துக்கொண்டது. வீடு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துத் தள்ளியிருக்கிறது. ஒரு பெண்மணி பதினொரு தடவை வந்திருக்கிறார். பதினொரு தடவையும் ஒரே இடத்தில் விழுந்திருக்கிறார்.

மொட்டை ஃபைலில் அந்த ஒரு வரியையும் அதன் தலைப்பையும் அக்கா திரும்ப எழுதி, நின்றுகொண்டு சேமித்தார். மனு, அனுமதி, மேலிடம் எதற்கும் நேரமில்லை. வீடு பற்றி எரியும்போது வாளி யாருடையது என்று கேட்பார்களா? ஆனால் கேட்டார்கள். க்ளீன் தம்பியின் காவல் மென்பொருள் ஒன்று, அனுமதியில்லாத மாற்றம் என்று கத்தி, ஒன்றேகால் மணி நேரத்தில் பழையபடி ஐந்தாக்கிவிட்டது. மறுநாள் காலை அக்காவின் மேஜையில் மெமோ. அனுமதியின்றி அமைப்பை மாற்றியது ஒரு குற்றம். உறவினர் விண்ணப்பித்திருக்கும் சமயத்தில், அவருக்கு உதவ மாற்றியது இன்னொரு குற்றம். ஏழு நாளில் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாத்தனாரோடு பேசியதைக் கேட்ட காது எதுவோ, அக்காவுக்குத் தெரியும். சொல்லமாட்டார்.

மெமோவை ஏந்திக்கொண்டு இயக்குநர் அறை வாசலில் அன்றும் மறுநாளும் நின்றார். உள்ளே ஆள் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றே சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடியது. ஏழாம் பக்கத்தில் நின்றவர்கள் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு குடும்பம்.

அக்காவின் கணவர் சோபாவுக்கு உறை தைக்கிறவர். முன்னறை முழுக்கப் பஞ்சும் ஸ்பிரிங்கும்தான். வாயில் இரண்டு ஊசியைக் கவ்வியபடியே மெமோவைப் படித்தார். ஓய்வுபெற எட்டு மாதம்தானே இருக்கிறது, ஒரு மன்னிப்பை எழுதி வீசிவிட்டு நிம்மதியாக இரேன் என்றார். பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"நிஜமாவே அவளுக்காகத்தான் மாத்தினியா?"

"உங்க தங்கச்சிக்காகன்னா விரலைக்கூடத் தூக்கியிருக்க மாட்டேன். அவ வாய்க்கு முப்பது நிமிஷம் குடுத்தா ஊர் தாங்காது."

கணவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டால், செய்தது தப்பு என்றாகும். தப்பு என்றானால், அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் தாங்களாகவே எழுந்து போனவர்கள் என்றாகும். அந்தக் காகிதத்தை அவர் மடித்து, தைத்துக்கொண்டிருந்த சோபாவின் ஆடும் காலுக்கு அடியில் சொருகினார். கால் ஆட்டம் நின்றது.

ஐந்து நாள் கழித்துக் கூட்டம். இறுதிப் பட்டியலில் இயக்குநர் கையெழுத்துப் போடும் கூட்டம். இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல. மேலிருந்து கேள்வி வரும் என்றால் மட்டும் அவருக்கு வேர்த்துவிடும். நீளமேஜை, எட்டு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. க்ளீன் தம்பி சுவரில் படம் காட்டினார். வட்டத்தை வெட்டிய மாதிரி ஒரு படம், அதில் ஒரு சாம்பல் துண்டு. அதன்மேல் எழுதியிருந்தது: ஆர்வமின்மையால் பாதியில் விலகியோர், 612.

அக்கா கடைசி நாற்காலியில், மன்னிப்புக் கடிதம் கொண்டுவந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அந்தச் சாம்பல் துண்டைக் காட்டிக் கேட்டார்.

"பதினொரு தடவை வந்தவளுக்கு ஆர்வமில்லையா தம்பி? நீங்க பரீட்சையாவது பதினொரு தடவை எழுதியிருப்பீங்களா?"

யாரோ இருமினார்கள். க்ளீன் தம்பி மரியாதையாகவே பேசினார். மேடம் பதினேழு நாளாகப் பயன்பாட்டில் இல்லாத ஃபைலைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார், அதையும் குறிப்பில் சேர்க்கலாம் என்றார். அதைவிடக் கூர்மையான ஊசி அந்த அறையில் வேறு இல்லை. அக்கா தலையை ஆட்டினார். அது தன் தப்பு, எழுதிக்கொள்ளுங்கள், பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்றார். எழுதி முடித்தார்களா என்று பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து மேஜைமேலிருந்த மடிக்கணினியைக் க்ளீன் தம்பி பக்கம் திருப்பி, சோதனைக் கணக்கில் ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"உங்க வீட்டுல எத்தனை பேரு?"

அப்பா, அம்மா, மனைவி, குழந்தை, தான், மொத்தம் ஐந்து என்றார் அவர்.

"ஒரு ஆள் கம்மி. பரவாயில்ல, நிரப்புங்க. ஒட்டக் கூடாது, தட்டணும்."

இதெல்லாம் எதற்கு என்ற தோரணையில் அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநருக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது போல. செய்துதான் பாருங்களேன் என்றார்.

க்ளீன் தம்பி தன் விவரத்தைப் பட்டென்று அடித்தார். ஐம்பது வினாடி. மனைவியின் எண் கைப்பேசியில் இருந்தது. பார்த்துப் பார்த்து அடித்ததில் ஒன்றரை நிமிடம். அம்மாவின் பிறந்த தேதியில் கை நின்றது. மாதம் தெரிந்தது, வருடம் தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்தார். மனைவி, எதற்கு இப்போது, பால் அடுப்பில் இருக்கிறது என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சான்றிதழ் எந்த அலமாரி, சாவி எங்கே, போன தடவை நீங்கள்தானே எடுத்தீர்கள் என்று ஒரு சிறு வழக்கு நடந்தது. நடுவே வாளியில் தண்ணீர் சொட்டியது. மனைவி வருடத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல, அவர் இரண்டு இலக்கம் தட்டினார். மூன்றாவதற்குள் திரை வெளுத்தது. உங்கள் நேரம் முடிந்தது.

"இது, இந்த நெட்வொர்க் கொஞ்சம்..." என்றார் க்ளீன் தம்பி.

"ஆர்வம் பத்தலை தம்பி" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. இயக்குநர் சிரிக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். க்ளீன் தம்பியின் நிறுவனம் வெட்டிய வரியைத் திரும்பப் போட வேண்டும், ஏழாம் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் ஒரு வாரம் திறந்துவிட வேண்டும், மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி வந்தவர் எண்ணில் வந்து நின்றார். 612 என்று எழுதியிருந்ததை அடித்து 611 ஆக்கினார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்க நாத்தனாரை மட்டும் விட்டுடலாம். அவங்க பேர் இதுல இருந்தா, சொந்தக்காரிக்காகத் திறந்தாங்கன்னு மேலேர்ந்து ஒரு கேள்வி வரும். வந்தா மொத்தமும் நின்னுடும். அறுநூத்திப் பதினோரு குடும்பம், யோசிச்சுப் பாருங்க. உங்க பேருக்கும் கறை இருக்காது. அடுத்த வருஷம் அவங்க போட்டுக்கட்டும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

நியாயம் போலவே இருந்தது. அநியாயத்துக்கு நியாயத்தின் சட்டையைப் போட்டுவிடுவதில் நாற்காலிக்காரர்களுக்கு இருக்கும் திறமை தையற்காரனுக்குக்கூட வராது. மற்ற ஏழு பேரும் அக்காவின் வாயைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். கறை போய்விடும். அறுநூற்றுப் பதினோரு கதவு திறந்துவிடும். அறுநூற்றுப் பன்னிரண்டாவது கதவுக்குள் இருப்பவளோ வாரம் தவறாமல் குத்திக்காட்டுகிறவள். விட்டுவிட்டால் வலிக்கவே வலிக்காத இடம்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருக்கும் பெட்டியையோ, எழுப்பி உட்காரவைத்த கிழவரையோ நினைத்தாரா, தெரியாது. பையைத் திறந்து கைப்பேசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஓர் எண்ணை அழுத்தினார். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். இரண்டாவது மணியிலேயே நாத்தனார் எடுத்துவிட்டாள். பின்னால் இஸ்திரி மெஷின் புஸ் புஸ்ஸென்று ஆவி விடும் சத்தம்.

"சொல்லுங்க அண்ணி, வீட்டு விஷயமா?"

பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று அக்காவுக்குத் தெரியும். கைப்பேசியை மேஜைமேல் வைத்து, ஒற்றை விரலால் தண்ணீர் தம்ளர்களைத் தாண்டி, க்ளீன் தம்பியைத் தாண்டி, இயக்குநரின் பேனாவில் போய் இடித்து நிற்கும் வரை தள்ளினார்.